துருப்பிடிக்காத நாற்காலி

"இனிமே இந்த வீட்டுல துருங்கற பேச்சே வரக்கூடாது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சபதம் செய்தேன். உட்கார்ந்துகொண்டேதான் செய்தேன். முக்கியமான காரியம் எதையும் உட்கார்ந்துகொண்டு செய்வதுதான் என் வழக்கம். முக்கியமில்லாத காரியங்களைச் செய்வதே இல்லை.

நான் உட்கார்ந்திருந்தது ஓர் இரும்புச் சாய்வு நாற்காலி. உருட்டுக் குழாயில் கால்கள், பட்டை பட்டையாக முதுகு, டீ தம்ளர் வைக்கிற அகலத்தில் கைகள், இழுத்தால் நீளுகிற கால்பலகை. முதல் சம்பளத்தில் வாங்கியது. மனைவி வந்தது அதற்குப் பிறகுதான். இந்த மூப்பு வரிசையை ஒருமுறை அவளிடம் எடுத்துச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டை நாற்காலியிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

சபதத்துக்குக் காரணம், தெருவில் கேட்ட ஒரு குரல். பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வந்திருந்தார். என் மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். பிறகு உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னங்க, எந்திரிங்க."

"எதுக்கு?"

"நாற்காலியை எடுக்கணும்."

"நான் உக்காந்திருக்கேனே."

"அதனாலதான் எந்திரிங்கன்னு சொல்றேன். உங்களையும் சேர்த்துத் தராசுல வெச்சா அவருக்கு நஷ்டம்."

நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இதுல என்ன குறையைக் கண்டே?"

"தரையைப் பாருங்க. நாலு காலுக்கும் நாலு துருவட்டம். எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகல. உங்க சட்டை முதுகைப் பாருங்க. அன்னிக்குக் கல்யாண வீட்டுல முதுகு முழுக்கப் பழுப்புக் கோடு. போட்டோ எடுக்கறவரு உங்களை மட்டும் திரும்பியே நிக்காதீங்கன்னு கெஞ்சினாரு."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு கேவலமும் இருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். நான் வேலை பார்ப்பதோ ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில். வேலை என்னவென்றால், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு கண்டுபிடிப்பது. காலை முதல் மாலை வரை துருவோடு சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து துருவின் மடியில் சாய்ந்துகொள்வேன்.

"குறை துரு மட்டும்தானே?" என்று கேட்டேன்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், அதன் பின்னால் இருந்த பெரிய ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா. துரு மட்டும்தான்" என்றாள்.

"துருவே வராமப் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா இருந்துட்டுப் போகட்டும்."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்."

"நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"மூச்சு விட மாட்டேன். ஆனா ஒண்ணு. மழைக்காலம் வருது. மழை முழுக்க நாற்காலி பால்கனியில, திறந்த வெளியில நிக்கணும். மழை முடிஞ்சு பார்க்கும்போது ஒரு பொட்டு துரு இருந்தாலும் இரும்புக்காரர் கையிலதான். சம்மதமா?"

என் நாற்காலியின் உயிர், என் கையில், என் சொந்தத் தொழிலில். கரும்பு தின்னக் கூலி கேட்பேனா? சம்மதம் என்றேன். அந்த நேரம் பார்த்து, பேப்பர் இரவல் வாங்க எதிர்வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டுகிறவர். ரகசியத்தைக்கூட நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வதால் அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். அவரைச் சாட்சியாக்கினோம்.

கீழே இரும்புக்காரர் கேட்டார். "அம்மா, வரட்டுமா, போகட்டுமா?"

"மழை முடிஞ்சு வாங்கண்ணே" என்றாள் என் மனைவி. அந்தக் குரலில் ஏமாற்றம் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். இல்லை. இதை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துருவைத் தடுக்கிற பூச்சுகள் நிறைய உண்டு. ஆனால் அதிகம் பேருக்குப் பழக்கமான வகையில் நெடி கண்ணைக் கரிக்கும். மழையில் கரைந்து வாய்க்காலுக்குப் போனால் மீன் செத்து மிதக்கும். இரும்பைக் காப்பாற்ற மீனைக் கொல்வானேன் என்று நான் வேறு வழியில் போனேன். செடியிலிருந்து எடுத்த எண்ணெய், மரப்பிசின், மெழுகு, மாவாக அரைத்த மணல். அவ்வளவுதான். கை தவறி நாக்கில் பட்டால்கூட வாய் கொப்பளித்தால் போதும். எனக்குப் பட்டிருக்கிறது. ருசி சுமார்.

என் மேலதிகாரி ஒரு அம்மையார். எந்தப் பூச்சைக் கொண்டுபோனாலும் அதைத் தகட்டில் பூசி, உப்புத் தண்ணீரைப் புகையாகத் தெளிக்கிற பெட்டிக்குள் போட்டு எடுக்காமல் நம்ப மாட்டார். அதனால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உப்பம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம். என் தகடுகள் பெட்டியில் தேறிவிட்டன. அப்போதும் உப்பம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"பெட்டி வேற, வானம் வேற. வெயில், காத்து, தூசி, காக்கா எச்சம் எல்லாம் பார்த்து ஒரு மழைக்காலம் வெளியில நிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

ஆக, நாற்காலி ஜெயித்தால் பூச்சும் ஜெயிக்கும். ஒரு டப்பா பூச்சை அவரிடம் சொல்லிவிட்டே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

பூச்சு பூசுவது சுகமான வேலை. அதற்கு முன்னால் பழைய துருவைச் சுரண்டுவதுதான் நரகம். ஆய்வுக்கூடத்தில் அதை இயந்திரம் செய்துவிடும். வீட்டில் நான்தான் இயந்திரம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என் தலை, மீசை, பால்கனி, பக்கத்துக் கொடியில் காய்ந்த துணி எல்லாம் செங்கல் நிறமாகின. என் மனைவி ஒரு துடைப்பத்தை மட்டும் என் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவள் செய்த உதவி.

முதல் பூச்சு எண்ணெயும் பிசினும். அது காய்ந்ததும் மேல்பூச்சு மெழுகும் மணல்மாவும். காய்ந்தபின் நாற்காலி மேல் லேசாகப் பனி படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. நான் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, மனைவியையும் ஹாரனையும் வரிசையாக நிறுத்தி, நாற்காலியின் முதுகில் ஊற்றினேன்.

தண்ணீர் ஒட்டவில்லை. மணி மணியாக உருண்டது, ஒன்றையொன்று முட்டியது, பட்டையிலிருந்து பட்டைக்குத் தாவித் தரையில் விழுந்து ஓடியது. நாற்காலி ஒரு சொட்டு ஈரமில்லாமல் நின்றது.

"தம்பி, தண்ணி பயந்து ஓடுதே" என்று ஹாரன் அலறினார். கீழ்த்தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அங்கேதான் நான் பேச ஆரம்பித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தவளையாவது மழை வந்தபிறகு கத்தும். நான் அதற்கு முன்பே கத்தினேன்.

"தாமரை இலையில தண்ணி ஒட்டாது, பார்த்திருக்கீங்கல்ல? அது வழவழன்னு இருக்கறதால இல்லை. கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமா இருக்கறதால. தண்ணி அந்த மேட்டு முனையில மட்டும்தான் நிக்கும், பள்ளத்துல காத்து இருக்கும். இதுவும் அப்படித்தான். தண்ணி இரும்பைத் தொடவே முடியாது. தொடாட்டி துரு எங்கேருந்து வரும்?"

என் மனைவி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். அவள் இவ்வளவு அக்கறையாக என் தொழிலைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குப் புல்லரித்தது.

"அந்த முனையெல்லாம் மழுங்கிட்டா?" என்றாள்.

"அப்படிக் கேளு. மழுங்கவே கூடாது. அதுதான் இதுல ஒரே பலவீனம். மழையைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். தேய்ச்சா மட்டும் தாங்காது." சொன்ன கையோடு எனக்கு ஒரு பயம் வந்தது. என் மனைவி கையில் துணி இருந்தால் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். பேசிக்கொண்டே என் வழுக்கையைத் துடைத்திருக்கிறாள். இவள் ராத்திரியோடு ராத்திரியாக நாற்காலியைத் துடைத்துவிட்டால்?

"இதோ பாரு, இப்பவே சொல்லிட்டேன். இந்தப் பூச்சு இருக்கற வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது. துணி காயப் போடக் கூடாது."

"உக்காரலாமா?"

"உக்கார்றதா? அது கூடவே கூடாது. ஒரு தடவை உக்காந்து எந்திரிச்சா மொத்த முனையும் போச்சு."

"யாரும்னா, யாரும்தானே?"

"யாரும்னா யாரும்தான். விருந்தாளியா இருந்தாலும் சரி, மந்திரியா இருந்தாலும் சரி. சத்தியம் பண்ணு."

அவள் உடனே சத்தியம் செய்தாள். "நானும் தொட மாட்டேன், யாரையும் தொடவும் விட மாட்டேன். அண்ணே, நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"தெருவே கேட்டுச்சு, தங்கச்சி" என்றார் ஹாரன். தெரு கேட்காமல் விட்டதையும் அவரே கேட்கவைத்திருப்பார்.

மழை வந்தது.

நாற்காலி பால்கனிக்குப் போன அன்றே, அது இருந்த ஜன்னலோர இடத்துக்கு என் மனைவியின் தையல் மிஷின் வந்துவிட்டது. அதுவரை அது அடுக்களைப் பக்கத்து இருட்டு மூலையில் கிடந்தது. அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு அவள் துணி தைத்துக் கொடுப்பாள். "என்ன இது?" என்றேன். "சும்மாதாங்க. இடம் காலியா இருக்கே. இந்த நாற்காலி வந்ததும் எடுத்துடறேன்" என்றாள்.

எனக்கு உட்கார இடம் இல்லாமல் போனது. சோபாவில் போய் உட்கார்ந்தால் அங்கே துவைத்த துணி மலையாகக் கிடக்கும். மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எவ்வளவு நேரம் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான்? மடித்து வைத்தேன். அடுக்களை முக்காலியில் உட்கார்ந்தால் கைக்குக் காய்கறியும் கத்தியும் வரும். நறுக்கினேன். கட்டிலில் சாய்ந்தால், "விரிப்பை மாத்தணும், ஒரு முனையைப் பிடிங்க" என்பாள். பிடித்தேன். உட்கார இடமில்லாதவன் நடந்துகொண்டே இருப்பான். நடக்கிறவன் கையில் எதையாவது கொடுத்தனுப்புவது குடும்பப் பெண்ணின் சுபாவம். நான் குழாய்க்கு வாஷர் போட்டேன். பரணைச் சுத்தம் செய்தேன். ஊசியில் நூல்கூடக் கோத்துக் கொடுத்தேன்.

எல்லாம் நாற்காலிக்காக. மழை முடிந்ததும் நான் போய் அதில் சாயப்போகிற அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு துண்டை மடிப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையுமாகப் பேய் மழை. பக்கவாட்டில் அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்காலி தனியாக நின்று நனைந்துகொண்டிருந்தது. அதாவது நனையாமல் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் என் மனசு கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பூனை போல் பால்கனிக்குப் போனேன். நாற்காலிக்கு மேல் குடையைப் பிடித்தேன். நான் தொப்பலாக நனைந்தேன்.

பின்னால் கதவு திறந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"தண்ணியே ஒட்டாதுன்னீங்க. அப்புறம் எதுக்குக் குடை?"

"தண்ணிக்கு இல்லை. இடிக்கு."

"இடிக்குக் குடை பிடிக்கற விஞ்ஞானியை இப்பத்தான் பார்க்கறேன். மொதல்ல உள்ள வாங்க, தலையைத் துவட்டுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்கதான் தும்முவீங்க."

தும்மினேன். மூன்று நாள் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நாற்காலி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இன்னொரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். என் மனைவி பால்கனியில் நீளமான ஒட்டடைக் கம்பை வைத்துக்கொண்டு ஒரு காக்காயோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். "அங்க போ. அங்க போய் உக்காரு. இதுல யாரும் உக்காரக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு." காக்காய் கைப்பிடிச் சுவருக்கு மாறி உட்கார்ந்தது. அதற்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. ஹாரன் வீட்டுப் பூனை நாற்காலிக் காலில் நகம் தீட்ட வந்தபோதும் அவள்தான் விரட்டினாளாம்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பந்தயத்தில் எனக்கு எதிரி இவள். பூனை பிறாண்டினால் ஜெயிப்பது இவள்தான். ஆனாலும் எவ்வளவு நேர்மை. இப்படி ஒருத்தியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கு யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தேன்.

மழை ஓய்ந்தது. வானம் வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஹாரன் தன் பஸ்ஸில் வைத்திருக்கும் பெரிய டார்ச்சைக் கொண்டுவந்தார். நாற்காலியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், ஒவ்வொரு மூட்டிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவியும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோற்கப் போகிறோமே என்று பயப்படுகிறாள் போலும் என்று நினைத்து, எனக்குப் பாவமாக இருந்தது.

"இல்லை" என்று கடைசியில் ஹாரன் முழங்கினார். "ஒரு பொட்டு இல்லை. துருவும் இல்லை, தூசும் இல்லை. தூசியைக்கூட மழையே உருட்டிக்கிட்டுப் போயிருக்கு. தம்பி, நீ மனுசனே இல்லை."

நான் துள்ளினேன். என் மனைவியும் துள்ளினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினோம். தோற்றவள் எதற்காகத் துள்ளுகிறாள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் நாற்காலியைப் பார்த்து, பின்பக்கமாகத் திரும்பி, உட்காருவதற்காக முழங்காலை மடக்கினேன்.

"நில்லுங்க" என்றாள் அவள்.

பாதி மடக்கிய முழங்காலோடு நின்றேன். "என்ன?"

"உக்காரக் கூடாது."

"யார் சொன்னது?"

"நீங்கதான்."

"அது மழை முடியற வரைக்கும்."

"மழை முடியற வரைக்கும்னா சொன்னீங்க? பூச்சு இருக்கற வரைக்கும்னு சொன்னீங்க. அண்ணே?"

ஹாரன் தலையைச் சொறிந்தார். "தம்பி, பூச்சு இருக்கற வரைக்கும்னுதான் சொன்னே. மந்திரியா இருந்தாலும் உக்காரக் கூடாதுன்னே." சாட்சி என்றால் இப்படி ஒரு சாட்சி யாருக்கும் வாய்க்கக் கூடாது.

"சரி, பூச்சு போனா போகட்டும். நான் உக்கார்றேன்."

"உக்காருங்க. எனக்கென்ன. உக்காந்தா முனை மழுங்கும். முனை மழுங்கினா தண்ணி ஒட்டும். தண்ணி ஒட்டினா துரு வரும். துரு வந்தா இரும்புக்காரர் வருவாரு." நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

"வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா எங்கேருந்து தண்ணி வரும்?"

"முன்னாடியும் வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு. துரு வரலையா? நான் தினம் தரையை ஈரத்துணி போட்டுத் துடைக்கறேன். உங்களுக்கு வேர்க்குது."

முழங்கால் வலித்தது. நிமிர்ந்தேன். "மறுபடி மறுபடி பூசிப்பேன்."

"ஒவ்வொரு தடவையும் அந்தத் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு..." என்று அவள் ஆரம்பித்தாள். எனக்கு மீசையில் படிந்த செங்கல் நிறத் தூள் நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை. உட்கார்ந்தால் சுரண்ட வேண்டும், சுரண்டினால் உட்காரலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுரண்டிவிடுவது என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். அப்போது வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் உப்பம்மா நின்றிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. ரெண்டு நாளா உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று என் மனைவி எனக்கு முன்னால் ஓடினாள். "போன்ல சொன்னேனே, இதுதான் அந்த நாற்காலி. மழை முழுக்க வெளியிலயே நின்னுச்சு. யாரையும் தொட விடலை. காக்காயைக்கூட விடலை."

உப்பம்மா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். என் ஆய்வுக்கூட வாழ்க்கையில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். மணி மணியாக உருண்டு ஓடியது. இன்னொரு செம்பு வாங்கி ஊற்றினார். மூன்றாவது செம்பு அவசியமே இல்லை, சந்தோஷத்துக்காக ஊற்றினார்.

"பிரமாதம். ஒரு விஷமும் இல்லாம ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியிருக்கு. நாளைக்கே மேலிடத்துல பேசறேன். பூச்சு தயாரிப்புக்குப் போகுது, உங்க பேர்லதான் போகுது" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உண்மையாகவே நிறைந்தது. என் எண்ணெயும் பிசினும் பாலங்களுக்கும் படகுகளுக்கும் போகப்போகின்றன. கீழே ஒரு மீனும் சாகாது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் துளியும் நடிப்பில்லை.

"அதனால," என்று உப்பம்மா தொடர்ந்தார், "இந்த நாற்காலி இனிமே சாதாரண நாற்காலி இல்லை. நம்மகிட்ட இருக்கற ஒரே வெளிப்புற மாதிரி. எத்தனை மழைக்காலம் தாங்குதுன்னு தொடர்ந்து பார்க்கணும். இதே இடத்துல, இதே மாதிரி, யாரும் தொடாம நிக்கணும்."

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். எங்கள் ஆய்வுக்கூடத்து அட்டை. சிவப்பு எழுத்து. "சோதனையில் உள்ளது. தொடாதீர்." கொண்டுவரச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அதை ஒரு நூலில் கோத்து நாற்காலியின் கையில் கட்டினார். நூல், தையல் மிஷின் நூல்.

உப்பம்மா டீ குடித்துவிட்டுப் போனார். சோபாவில் உட்கார்ந்துதான் குடித்தார். துணி மலையை நான் காலையிலேயே மடித்து வைத்திருந்தேன்.

அவர் போனதும் நான் என் கடைசி அம்பை எடுத்தேன். "சரி. புதுசா ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக்கறேன்."

"தாராளமா. எங்க போடுவீங்க?"

ஜன்னலோரத்தைப் பார்த்தேன். வெளிச்சம் அங்கே ஆறாக வந்து விழுந்தது. வெளிச்சத்தின் நடுவில் தையல் மிஷின், அதன் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கிய துணிகள், சுவரில் கத்தரிக்கோலுக்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது. அடித்தது நான்தான்.

"நாற்காலி வந்ததும் மிஷினை எடுத்துடறேன்னு சொன்னியே."

"இந்த நாற்காலி வந்ததும்னுதான் சொன்னேன். அதுதான் வரலையே, பால்கனியிலேயே இருக்கே. ஆயுசுக்கும் இருக்கணும்னு நீங்கதானே கேட்டு வாங்கினீங்க? நான் ஒரு வார்த்தை சொல்லலையே."

சொல்லவில்லைதான்.

"அப்ப நீ..." எனக்கு மெதுவாகப் புரிந்தது. "நான் தோக்கணும்னு நினைக்கவே இல்லையா?"

"ஐயையோ. நீங்க தோத்திருந்தா நாற்காலி போயிருக்கும். நீங்க அதே ஜன்னலோரத்துல பாயை விரிச்சுப் படுத்திருப்பீங்க. எழுப்ப முடியுமா உங்களை? நீங்க ஜெயிக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்லை. காக்காயை விரட்டி விரட்டிக் கையே வலி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது? இவ்வளவு சுத்தமாகத் தோற்கடிக்கப்பட்டால் கோபம்கூட ஒட்டாமல் உருண்டு ஓடிவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன வாரம் ஹாரன் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் தணிந்திருந்தது.

"தம்பி, என் இரும்புக் கட்டில் இருக்குல்ல?"

"இருக்கு, அண்ணே."

"அதுல லேசாத் துரு இருக்காம். அதுக்கும் அந்தப் பூச்சைப் பூசணுமாம். வீட்டுல சொல்லச் சொன்னா." கண் கலங்கினார். "என் கட்டில், தம்பி. நைட் டூட்டி முடிஞ்சு வந்து படுக்கற கட்டில்."

"அக்காவுக்கு யார் இந்த யோசனையைச் சொன்னது?"

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். என் மனைவி தலையைக் குனிந்து மும்முரமாக ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்துக்கொண்டிருந்தது எதிர்வீட்டு அக்காவின் ரவிக்கை.

பூச்சு இன்னும் கடைக்கே வரவில்லை. அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் டப்பாவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கேட்பவர்கள் எல்லோரும் பெண்கள். பூச வேண்டியவை எல்லாம் நாற்காலி, கட்டில், ஈசிசேர், ஊஞ்சல். பாலத்துக்கும் படகுக்கும் செய்த பொருளை வீட்டுச் சாமானுக்கு ஏன் இப்படி அடித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று உப்பம்மா என்னிடம் விசாரித்தார். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ள தெரு மேடம், என்று சொல்லி வைத்தேன். ஆண்கள் இப்போதெல்லாம் தெருமுனையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இதையெல்லாம் அடுக்களை மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு எழுதிப் பழக்கமில்லை.